ஹெலிகாப்டர் சத்தம் கேட்டா கட்டைவிரல் எங்க போகணும்? – வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல ட்ரோன் வச்சு வீடியோ எடுக்கிறது பத்தி எழுதியிருந்தேன். காத்துல எப்படி பறக்க விடணும், பேட்டரிய எப்படி பாத்துக்கணும்னுதான் கேள்வி வரும்னு நெனச்சா, வந்ததுல முக்கால்வாசி ஹெலிகாப்டர் பத்தி. சரி, இந்த வாட்டி முழுக்க அதுதான். பேரு போட வேணாம்னு பல பேர் கேட்டிருக்கீங்க, ஏன்னு கேள்விய படிச்சாலே தெரியுது, அதனால யாரு பேரும் போடல.

கேள்வி: ட்ரோன் 400 அடிக்குள்ள, விமானம் ஹெலிகாப்டர் எல்லாம் அதுக்கு மேல. இப்படி தனித்தனியா பிரிச்சு வச்சிருக்கிறப்போ மோதல்ங்கிற பேச்சே எங்கேருந்து வருது?

பதில்: 400 அடிங்கிறது உங்க ட்ரோனுக்கு போட்ட கூரைங்க. ஹெலிகாப்டர் அதுக்கு கீழ வரக்கூடாதுன்னு யாரும் சொல்லல. அமெரிக்காவுல 400 அடி, ஐரோப்பாவுல 120 மீட்டர், இந்தியாவுல 2021 ட்ரோன் விதிகள்ல பச்சை மண்டலத்துக்கு (முன் அனுமதி கேக்காம பறக்கலாம்னு குறிச்ச பகுதி) 400 அடின்னு எல்லா ஊர் கணக்கும் ஏறக்குறைய ஒண்ணுதான், ஆனா எல்லாமே ட்ரோன் பக்கம் மட்டும் போட்ட கோடு. ஹெலிகாப்டர்ங்கிறதே தாழ பறக்கிறதுக்குன்னு பொறந்த வண்டி. ஆம்புலன்ஸ் ஹெலிகாப்டர் நடுரோட்டுல இறங்கும், மின்கம்பிய சோதிக்கிறது கம்பி உயரத்துலயே ஊர்ந்து போகும், தீயணைக்க வந்தது தண்ணி மொண்டுக்க ஏரி மட்டத்துக்கே வரும். அமெரிக்க விதியிலயே கீழ இருக்கிறவங்களுக்கு ஆபத்து இல்லன்னா, சாதாரண விமானத்துக்கு சொன்ன குறைஞ்சபட்ச உயரத்துக்கும் கீழ ஹெலிகாப்டர் போகலாம்னு இருக்கு.

நடந்த கதையே சொல்றேன். 2017 செப்டம்பர் 21, நியூயார்க் ஸ்டேட்டன் ஐலண்ட் பக்கம், சாயங்காலம். அமெரிக்க ராணுவத்தோட பிளாக் ஹாக் ஹெலிகாப்டர் சுமார் 300 அடி உயரத்துல போயிட்டிருக்கு, அதுல ஒரு ஃபான்டம் 4 ட்ரோன் மோதுது. 300 அடி, நல்லா கவனிங்க, கூரைக்கு உள்ளயேதான். ட்ரோன் விட்டவர் ஏறக்குறைய நாலு கிலோமீட்டர் தள்ளி நின்னு ஸ்க்ரீனை பாத்து ஓட்டிட்டிருந்தாரு, அன்னிக்கு அந்த ஏரியாவுல தற்காலிக பறக்கும் தடை இருந்ததும் அவருக்கு தெரியாது. ஸ்க்ரீன் கட் ஆனதும் அரை மணி நேரம் காத்திருந்து, சரி தண்ணியில விழுந்துடுச்சு போலன்னு வீட்டுக்கு போயிட்டாரு. அங்க ஹெலிகாப்டர் ரோட்டர் பிளேடுல, அதான் மேல சுத்துற விசிறி இறக்கையில, ஒன்றரை இன்ச் பள்ளம், ட்ரோனோட மோட்டாரும், அந்த மோட்டாரை தாங்குற கை மாதிரி பாகத்துல ஒரு துண்டும் ஹெலிகாப்டர்ல சிக்கியிருந்தது. அதுல இருந்த சீரியல் நம்பர வச்சுத்தான் ஆளை கண்டுபிடிச்சாங்க. விபத்து விசாரணை பண்ற என்டிஎஸ்பி ஆளுங்க போய் கேட்ட அப்புறம்தான், தான் ஒரு ஹெலிகாப்டர்ல மோதியிருக்கோம்ங்கிறதே அவருக்கு தெரிஞ்சது.

எனக்கு அந்த பள்ளத்தை விட இந்த கடைசி விஷயம்தான் உறுத்துது.

கேள்வி: ஹெலிகாப்டர்ல முன்னாடி பூரா கண்ணாடிதானே? பைலட்டுக்கு நல்லா தெரியுமே, பாத்து ஒதுங்கிப் போக வேண்டியதுதானே? அவங்கதானே பல வருஷம் டிரெய்னிங் எடுத்தவங்க?

பதில்: கண்ணாடி இருக்கு, டிரெய்னிங்கும் இருக்கு, கண்ணு மனுஷக் கண்ணுதானே. ஒரு கணக்கு போட்டு பாக்கலாம் வாங்க. ஹெலிகாப்டர் 120 நாட் வேகத்துல வருதுன்னா நொடிக்கு 62 மீட்டர். ஒரு பொருள் கண்ணுல பட்டு, அது என்னன்னு புரிஞ்சு, இது நம்ம மேல வருதுன்னு முடிவு பண்ணி, கைய அசைச்சு, வண்டி திரும்பி முடிக்க மொத்தம் 12.5 நொடி ஆகும்னு அமெரிக்க விமானத்துறை, அதான் எஃப்ஏஏ, பைலட்டுகளுக்கு குடுக்கிற ஆலோசனைக் குறிப்புல இருக்கு. பெருக்கிப் பாருங்க, 770 மீட்டர் சொச்சம். அதாவது முக்கால் கிலோமீட்டருக்கு அந்தப் பக்கமே உங்க ட்ரோன் கண்ணுல பட்டாகணும்.

35 சென்டிமீட்டர் அகல ட்ரோன் 770 மீட்டர்ல எவ்வளவு பெருசா தெரியும்னா, கைய முழுசா நீட்டி ஒரு பேப்பரை பிடிச்சு, அதுல கால் மில்லிமீட்டருக்கு ஒரு புள்ளி வச்ச மாதிரி. அந்த பேப்பர் நடுங்கிட்டு வேற இருக்கும், பின்னாடி மரமும் கட்டடமும் ஓடிட்டிருக்கும், பைலட் ரேடியோல பேசிட்டு இறங்குற இடத்தையும் பாத்துட்டிருப்பாரு. நல்ல பார்வை இருக்கிறவங்களுக்கே அது ஏறக்குறைய கண்ணோட எல்லை.

இதுல இன்னொரு வில்லங்கமும் இருக்கு. மோதப் போற பாதையில வர்ற பொருள் கண்ணாடியில நகரவே நகராது. குறுக்க ஓடுறது சட்டுனு கண்ணுல படும், நேரா நம்ம மேல வர்றது ஒரே இடத்துல ஒட்டின அழுக்கு மாதிரி கடைசி வரைக்கும் இருந்துட்டு, கடைசி ரெண்டு மூணு நொடியில குபீர்னு பெருசாகும். அப்புறம் ஒண்ணும் பண்றதுக்கில்ல. அவர் உங்கள பாக்க மாட்டாருன்னே வச்சுக்கோங்க. ரெண்டு பேருல முதல்ல தெரிஞ்சுக்கிறது நீங்கதான், கண்ணால கூட இல்ல, காதால. அவர் உக்காந்திருக்கிற இடத்துல இன்ஜின் சத்தத்துல பக்கத்துல இருக்கிறவர் பேசுறதே ஹெட்செட் போட்டாத்தான் கேக்கும், ஆனா அவர் வர்றது உங்களுக்கு கிலோமீட்டர் கணக்குல முன்னாடியே கேட்டுடும்.

கேள்வி: என் ட்ரோன் 249 கிராம்தான். பல நாட்டுல இதுக்கு பதிவே வேணாம்னு சொல்றாங்க. அப்படின்னா ஆபத்து இல்லன்னுதானே அர்த்தம்?

பதில்: கடுகு சிறுத்தாலும் காரம் போகாதுங்க. 250 கிராம் கோடு போட்டது பெரும்பாலும் கீழ நிக்கிற ஆளு தலையில விழுந்தா என்ன ஆகும்ங்கிற கணக்குல. மேல எதிர்ல வர்ற ஹெலிகாப்டர் கணக்கு வேற. நொடிக்கு 62 மீட்டர் வேகத்துல மோதுறதுன்னா, காத்து தடுக்கலன்னு வச்சுக்கிட்டா 60 மாடி உயரத்துலேருந்து அந்த ட்ரோனை தொப்புனு போட்ட வேகம், பேட்டரி மோட்டார் கேமரான்னு கெட்டி கெட்டியான சாமானோட.

2025 ஜனவரி 9, லாஸ் ஏஞ்சலஸ் பாலிசேட்ஸ் காட்டுத்தீ. கனடாவுலேருந்து உதவிக்கு வந்த தண்ணி கொட்டுற விமானத்தோட இறக்கையில ஒரு ட்ரோன் மோதி, ஏறக்குறைய 3 இன்ச்சுக்கு 6 இன்ச் ஓட்டை. அந்த ட்ரோன் டிஜேஐ கம்பெனியோட மினி 3 ப்ரோ, உங்க வகையறாதான். ஒருத்தர் பார்க்கிங் கட்டடத்து மொட்டை மாடியிலேருந்து தீய பாக்கலாம்னு விட்டு, ரெண்டரை கிலோமீட்டர் போனதும் கண்ணுலேருந்து தொலைச்சிட்டாரு. அன்னிக்கு நெருப்பு எரிஞ்சிட்டிருக்கிறப்போ அந்த விமானம் ரிப்பேருக்கு தரையில நின்னுச்சு.

கேள்வி: பறவை மோதறது இல்லையா? கழுகு மோதியே தாங்குற ஹெலிகாப்டர் பிளாஸ்டிக் பொம்மைக்கு பயப்படணுமா?

பதில்: எந்த ஹெலிகாப்டர் தாங்குதுன்னு கேட்டீங்கன்னா அங்கதான் சிக்கல். பெரிய ரக ஹெலிகாப்டர்னா ஒரு கிலோ பறவை மோதினாலும் பத்திரமா இறங்குற மாதிரி இருக்கணும்னு அமெரிக்க சான்றிதழ் விதியில இருக்கு. ஊருக்குள்ள அதிகமா பறக்கிற சின்ன ரகத்துக்கு அப்படி ஒரு நிபந்தனையே இல்லாம பல காலமா ஓடிட்டிருக்கு. பிரிட்டன்ல போக்குவரத்து துறை, ராணுவ விமானப் பாதுகாப்பு அமைப்பு, பைலட்டுகள் சங்கம் மூணும் சேர்ந்து பண்ணின சோதனை 2017ல வெளியாச்சு. பறவை மோதல் சான்றிதழ் இல்லாத ஹெலிகாப்டர் கண்ணாடி, வழக்கமா போற வேகத்தை விட ரொம்ப கம்மியான வேகத்துலயே ட்ரோனுக்கு தாங்கலன்னு அதுல வந்தது. வால் ரோட்டர், அதான் வாலுல சுத்துற சின்ன விசிறி, அதோட நிலமை இன்னும் மோசம், ட்ரோனோட சின்ன பாகம் பட்டாலே பிளேடு உடையலாம்னு கம்ப்யூட்டர் கணக்கு சொல்லுச்சு. வால் ரோட்டர் போச்சுன்னா ஹெலிகாப்டர் தன்னைத்தானே சுத்த ஆரம்பிச்சிடும், தாழ பறக்கிறப்போ அத சரி பண்ண உயரமும் இருக்காது நேரமும் இருக்காது.

பறவை சதையும் எலும்பும், மோதினா நசுங்கி பரவிடும். ட்ரோன்ல மோட்டார் இரும்பும் செம்பும், பேட்டரி செங்கல் மாதிரி, மோதினா பரவாது, குத்தும். இன்னொண்ணு, பறவைக்கு உயிர் பயம் இருக்கு, பல நேரம் அது தானா ஒதுங்கிப் போகுது.

கேள்வி: ட்ரோன் மேல இருக்கு, திடீர்னு ஹெலிகாப்டர் சத்தம் கேக்குது. உடனே என்ன பண்ணணும்? ட்ரோன் கிளம்பின இடத்துக்கே தானா திரும்பி வர்றதுக்குன்னு இருக்கிற ரிட்டர்ன் டு ஹோம் பட்டனை அமுக்கிடுவேன், சரிதானே?

பதில்: ஐயோ, அத மட்டும் பண்ணாதீங்க. இந்த ஒரு பதிலுக்காகத்தான் இந்த வாரம் பூரா இத எழுதவே உக்காந்தேன்னு வச்சுக்கோங்க.

நானே பண்ணியிருக்கேன் இந்த தப்ப. ட்ரோன் 50 மீட்டர் உயரத்துல, 300 மீட்டர் தள்ளி நின்னுட்டிருந்துச்சு. சத்தம் கேட்டுச்சு, முதல்ல ஏதோ லாரின்னு நெனச்சேன், அப்புறம் அந்த டப்பு டப்பு டப்புங்கிற அடி கேட்டதும் கை தானா வீட்டு பட்டனுக்கு போயிடுச்சு. ட்ரோன் ஒரு நொடி நின்னுச்சு, அப்புறம் மேல ஏற ஆரம்பிச்சுது. 55, 60, 65னு ஸ்க்ரீன்ல நம்பர் ஏறுது, எனக்கு வயித்த கலக்குது. ஏன்னா வழியில மரம் டவர் இடிக்கக்கூடாதுன்னு திரும்பி வர்ற உயரம் 100 மீட்டர்னு நானே செட்டிங்ல போட்டு வச்சிருந்தேன். அது சொன்ன பேச்சு கேக்குற பிள்ள, முதல்ல 100க்கு ஏறி அப்புறம்தான் வீட்டுக்கு வருவேன்னு நிக்குது. பாஸ் பட்டனை தட்டி நிறுத்தி, ஸ்டிக்க கீழ இழுத்து, மரத்து உயரத்துக்கு கொண்டு வர்றதுக்குள்ள ஹெலிகாப்டர் ஒரு பக்கமா கடந்து போயிடுச்சு. நல்லவேளை தூரமா போச்சு. அவங்களுக்கு நான் இருந்ததே தெரிஞ்சிருக்காது.

அதனால சத்தம் கேட்ட உடனே, ஹெலிகாப்டர் எங்கன்னு தேடுறதுக்கு முன்னாடியே, கட்டைவிரல் இறங்குற ஸ்டிக்க கீழ இழுக்கணும். தேடுறது அப்புறம். கட்டடங்கள் நடுவுல சத்தம் எந்த பக்கமிருந்து வருதுன்னு எதிரொலியில தப்பா காட்டும், எதிர் திசையில பாத்துட்டே நிப்பீங்க. ஏன் இவ்வளவு அவசரம்னா, வீட்டு உபயோக ட்ரோன் இறங்குற வேகம் பெரும்பாலும் நொடிக்கு 3 லிருந்து 5 மீட்டர்தான். 120 மீட்டர்லேருந்து 3 மீட்டர் வேகத்துல தரைக்கு வர 40 நொடி. அந்த 40 நொடியில ஹெலிகாப்டர் ரெண்டரை கிலோமீட்டர் வந்திருக்கும். கண்ணுல பட்ட அப்புறம் இறக்கலாம்னு இருந்தா நடுவழியில மாட்டிப்பீங்க. இன்னும் வேகமா இறக்க விடாம கம்பெனிக்காரன் ஏன் பூட்டி வச்சிருக்கான்னா, நேர் கீழ ரொம்ப வேகமா இறங்கினா தன் காத்துலயே சிக்கி ட்ரோன் தூக்குற பலத்தை இழந்துடும், அது நியாயமான பூட்டு.

தரை வரைக்கும் கொண்டு வர முடியலன்னா பக்கத்து மரம் கட்டடம் உயரத்துக்கு கீழ கொண்டு வந்து நிறுத்துங்க, ஹெலிகாப்டர் மரத்தை சுத்தித்தானே போயாகணும். இறங்கிட்டே அது வர்ற பாதையிலேருந்து பக்கவாட்டுல விலகுறதும் நல்லது, பக்கவாட்டுல ட்ரோன் வேகமாவே ஓடும்.

இன்னும் ரெண்டு விஷயம். பேட்டரி கம்மியானாலோ சிக்னல் போனாலோ அதே ரிட்டர்ன் டு ஹோம் தானா ஆரம்பிக்கும், அதுவும் ஏறித்தான் வரும். அதனால அந்த உயரத்தை சும்மா 100, 120ன்னு போடாம, அன்னன்னிக்கு நிக்கிற இடத்துல இருக்கிற மரத்துக்கு கொஞ்சம் மேலன்னு மாத்தி வைங்க. அப்புறம் காதுல இயர்போன் மாட்டிட்டு பாட்டு கேட்டுட்டு ட்ரோன் விடுறவங்கள பாத்திருக்கேன், தங்ககிட்ட இருக்கிறதுலயே உருப்படியான ஒரே சென்சாரை அடைச்சு வச்ச மாதிரி.

கேள்வி: நான் ஒரு மலை உச்சியில நின்னு ட்ரோன் விட்டேன். ஸ்க்ரீன்ல 110 மீட்டர்தான் காட்டுச்சு, ஆனா கூட இருந்த நண்பர் விதிய மீறிட்டேன்னு சண்டை போடுறார். யாரு சொல்றது சரி?

பதில்: பெரும்பாலும் நண்பர். ஸ்க்ரீன்ல காட்டுறது கிளம்பின இடத்துலேருந்து எவ்வளவு உயரம்ங்கிறது. விதி கேக்கிறது ட்ரோனுக்கு நேர் கீழ இருக்கிற தரையிலேருந்து எவ்வளவுன்னு. உச்சியில நின்னு 110 மீட்டர் ஏத்தி அப்படியே பள்ளத்தாக்கு மேல கொண்டு போனீங்கன்னா, கீழ தரை 300 மீட்டர் ஆழத்துல இருந்தா உங்க உண்மையான உயரம் 410 மீட்டர். ஸ்க்ரீன் அப்பவும் பச்சப்புள்ள மாதிரி 110ன்னுதான் காட்டும். ஹெலிகாப்டர் உயரமானி பொதுவா கடல் மட்டத்துலேருந்து கணக்கு, அதனால ரெண்டு பேரும் ரேடியோல பேசிக்கிட்டாக்கூட நம்பர் ஒத்துப் போகாது. மலைப்பக்கம் மேகம் இறங்கினா ஹெலிகாப்டர்காரங்க பள்ளத்தாக்கு வழியாத்தான் புகுந்து வருவாங்க, நீங்க படம் எடுக்க ஆசைப்படுற அதே வழி.

கேள்வி: இப்போ ரிமோட் ஐடி வந்துடுச்சே, ட்ரோன் தன் இடத்தை தானே சொல்லிடும். ஹெலிகாப்டர் ஸ்க்ரீன்ல நாம தெரிய மாட்டோமா?

பதில்: தெரிய மாட்டோம். அமெரிக்காவுல 2024 மார்ச்லேருந்து கறாரா அமல்ல இருக்கிற ரிமோட் ஐடி வைஃபை இல்ல ப்ளூடூத்ல போற சின்ன அறிவிப்பு, வண்டிக்கு நம்பர் பிளேட் மாதிரி. கீழ நிக்கிற போலீஸ்காரர் போன்ல ட்ரோன் எங்க, விடுற ஆளு எங்கன்னு பாக்கலாம். 62 மீட்டர் வேகத்துல வர்ற பைலட்டுக்கு நம்பர் பிளேட் எதுக்கு?

விமானங்கள் தன் இடத்தை சொல்றது ஏடிஎஸ்-பி-ங்கிற வேற அலைவரிசையில. ட்ரோனும் அதுல அனுப்பட்டுமேன்னு கேப்பீங்க, தனி அனுமதி வாங்காம ட்ரோன் அதுல அனுப்பக்கூடாதுன்னு அமெரிக்காவுல தடையே இருக்கு, ஏன்னா லட்சக்கணக்குல ட்ரோன் சேர்ந்து கத்தினா உண்மையான விமானம் பேசுறது அமுங்கிடும். அதுக்கு பதிலா ட்ரோன் அத காதுல மட்டும் வாங்கலாம். டிஜேஐ ட்ரோன்கள்ல ஏர்சென்ஸ்னு ஒண்ணு இருக்கே, அது இதுதான், பக்கத்துல ஹெலிகாப்டர் வந்தா ஸ்க்ரீன்ல எச்சரிக்கை வரும். நல்ல விஷயம்தான், ஆனா எல்லா ஹெலிகாப்டரும் ஏடிஎஸ்-பி அனுப்பாது, மலையும் கட்டடமும் மறைக்கும், பல சின்ன ட்ரோன்கள்ல அந்த வசதியே கிடையாது. ஸ்க்ரீன் சும்மா இருக்குங்கிறதுக்காக வானம் காலியா இருக்குன்னு நெனச்சுடாதீங்க.

கேள்வி: ஆப் என்னை பறக்க விட்டுச்சு. அப்போ அந்த இடம் சட்டப்படி ஓகேதானே?

பதில்: இல்ல. டிஜேஐ, தடை இருக்கிற இடத்துல ட்ரோனை பறக்க விடாம வச்சிருந்த தன்னோட பூட்டை அமெரிக்காவுல 2025 ஜனவரியில எடுத்துட்டு வெறும் எச்சரிக்கையா மாத்திடுச்சு, ஐரோப்பாவுல அதுக்கு முன்னாடி வருஷமே. இனிமே முடிவு உங்களோடது, வழக்கும் உங்க பேர்லதான்.

கேள்வி: ரோடு எல்லாருக்கும் பொதுங்கிற மாதிரி வானமும் பொதுதானே? எப்பவும் ட்ரோன்தான் ஒதுங்கணும்ங்கிறது பணக்கார ஹெலிகாப்டருக்கு போட்ட சட்டமா இல்லையா?

பதில்: கோவம் புரியுது, இந்த கேள்விய இப்போ பெரிய பெரிய ஆளுங்களே கேட்டுட்டிருக்காங்க. இதுவரைக்கும் உலகம் பூரா பொதுவா ஒரே பேச்சுதான், ஆள் இருக்கிற விமானத்துக்கு ஆள் இல்லாதது வழி விடணும். ஆனா 2025 ஆகஸ்ட்ல எஃப்ஏஏ பார்ட் 108னு ஒரு வரைவு வெளியிட்டுச்சு, கண்ணுக்கு எட்டாத தூரத்துக்கு பார்சல் கொண்டு போற ட்ரோன் மாதிரி விஷயங்களுக்கு. அதுல, தன் இடத்தை மின்னணு முறையில சொல்லாத விமானத்துக்கு, சில இடங்கள் தவிர, ட்ரோன் வழி விட வேணாம்ங்கிற மாதிரி ஒரு யோசனை இருந்துச்சு. சின்ன விமானக்காரங்க, ஹெலிகாப்டர்காரங்க எல்லாம் கொதிச்சுட்டாங்க. ஐரோப்பாவுல 2023லேருந்து யு-ஸ்பேஸ்னு ட்ரோன்களுக்காக அறிவிச்ச பகுதிக்குள்ள, விமானப் போக்குவரத்து கட்டுப்பாட்டு சேவை இல்லாம வர்ற ஆளுள்ள விமானம் தன் இடத்தை சொல்லியாகணும்னு விதி வந்தாச்சு, அது வேற வழி.

என் கருத்தை கேட்டா, ஹெலிகாப்டர் தன் இடத்தை சொல்லணும்ங்கிறது நியாயமான கோரிக்கை, ஒரு சின்ன கருவி மாட்டுற வேலை. ஆனா மாட்டலன்னா நீதான் ஒதுங்கணும்னு பைலட்ட சொல்றது வேலைக்கு ஆகாது, மேல போட்ட 770 மீட்டர் கணக்குதான் காரணம், பாக்க முடியாதவன ஒதுங்குன்னு சொன்னா எப்படி ஒதுங்குவான். அதுவும் ஒரு பக்கம் உடையறது பிளாஸ்டிக், இன்னொரு பக்கம் உக்காந்திருக்கிறது மனுஷங்க. அந்த ஹெலிகாப்டர்ல பணக்காரர்தான் இருக்காருன்னு நமக்கு கீழேருந்து எப்படி தெரியும், ஸ்ட்ரெச்சர்ல யாராவது படுத்திருக்கலாம்.

கேள்வி: விபத்து, தீ மாதிரி இடத்துல மேலேருந்து வீடியோ எடுத்தா மீட்புக்காரங்களுக்கே உதவியா இருக்குமேன்னு போனேன், திட்டி அனுப்பிட்டாங்க. நல்லது பண்ணப் போனது தப்பா?

பதில்: அவங்க கூப்பிட்டு போனா உதவி. கூப்பிடாம போனா, அடையாளம் தெரியாத ட்ரோன் ஒண்ணு இருக்குன்னு தெரிஞ்ச நிமிஷத்துல மேல இருக்கிற எல்லா ஹெலிகாப்டரையும் விலக்கி வச்சுடுவாங்க, காட்டுத்தீயில இது வழக்கமாவே நடக்குது. உங்க ட்ரோன் மோதவே வேணாம், இருந்தாலே போதும், தண்ணி கொட்டுறது நின்னுடும். திட்டினதோட விட்டாங்களேன்னு சந்தோஷப்படுங்க. 2020 செப்டம்பர்ல லாஸ் ஏஞ்சலஸ்ல போலீஸ் வேலை நடக்கிற இடத்தை பாக்க ஒருத்தர் ட்ரோன் விட்டு, அது போலீஸ் ஹெலிகாப்டர்ல மோதி, ஹெலிகாப்டர் அவசரமா இறங்குச்சு, கீழ விழுந்த ட்ரோன் ஒரு காரையும் பதம் பாத்துச்சு. அவர் மேல கிரிமினல் வழக்கு போட்டு, தப்ப ஒத்துக்கிட்டாரு.

கேள்வி: என் ட்ரோனுக்கும் ஒரு ஹெலிகாப்டருக்கும் நடுவுல நூலிழையில தப்பிச்ச மாதிரி ஆச்சு. யாருக்கும் தெரியாது. சொல்லணுமா, விட்டுடலாமா?

பதில்: சொல்லுங்க. பல நாட்டுல விமானத்துறைக்கு இத தெரிவிக்க வழி இருக்கு, அமெரிக்காவுல நாசா நடத்துற பாதுகாப்பு அறிக்கை முறையில ட்ரோன் விடுறவங்களும் பேரு வெளிய தெரியாம எழுதலாம். முதல்ல பறந்த பதிவை ஆப்லேருந்து எடுத்து பத்திரமா வைங்க, நேரம், உயரம், நீங்க நின்ன இடம் எல்லாம் அதுல இருக்கும், ரெண்டு நாள் கழிச்சு நெனவுலேருந்து எழுதினா உயரம் எப்பவும் கம்மியாத்தான் வரும். அப்புறம் உங்க கடிதத்துல ஒரு வரி இருக்கு, "சத்தம் ரொம்ப நேரமா கேட்டுட்டுதான் இருந்துச்சு, தூரமா இருக்கும்னு ஷாட்ட முடிச்சிடலாம்னு இருந்தேன்"ன்னு. அறிக்கையில அந்த வரிய அப்படியே எழுதுங்க, வெட்டிடாதீங்க.